கெசியா மெல்லர் சுரண்டிய பச்சை

முப்பத்தொன்று. இந்த எண்ணை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். 1868 செப்டம்பரில், பிரேசில் நாட்டு பாரா துறைமுகத்திலிருந்து லிவர்பூலுக்கு உயிரோடு வந்து இறங்கிய தங்கக் கிளிகள் முப்பத்தொன்று. அங்கே கப்பலில் ஏற்றியது எத்தனை என்று கேட்டால், மாலுமிகள் முகத்தைத் திருப்பிக்கொண்டு கயிறு சுருட்டப் போய்விட்டார்கள்.

கிளிகளை வரவழைத்தது மேட்டுத் தெருவில் இருந்த கார்லண்ட் தோட்டம் என்னும் மிருகக்காட்சிசாலை. கம்பளி போர்த்திய கூண்டுகள் மூன்று தட்டுவண்டிகளில் மேடேறின. பின்னாலேயே பாதி நகரம் ஓடி வந்தது. கண்காணிப்பாளர் எட்மண்ட் பாஸ்மோர் உயரமான தொப்பியோடு வாசலில் நின்று வரவேற்றார், ஏதோ தூதர்கள் வந்தது போல.

அந்தத் தூதர்களுக்குப் பொங்கிப் போட வேண்டியவள் கெசியா மெல்லர். வயது முப்பத்தாறு. புருஷன் நிலக்கரிப் படகில் போனவன், படகு மட்டும் திரும்பி வந்தது. பறவை வீட்டுக்குப் பின்னால் ஒரு சின்னச் சமையலறை. அதில் மக்காச்சோளமும் அரிசியும் வேக வைப்பது, முட்டை அவித்து மசிப்பது, ஆப்பிள் நறுக்குவது, கிண்ணம் கழுவுவது, எல்லாம் அவள் ஒருத்தி. கொக்கு முதல் குருவி வரை அந்த வீட்டில் எது எப்போது எவ்வளவு தின்னும் என்று அவளுக்குத் தெரியும். பாஸ்மோருக்கு அவற்றின் லத்தீன் பெயர் தெரியும்.

கூண்டின் கம்பளியை விலக்கியதும், முட்டையின் மஞ்சள்கருவை அள்ளிப் பூசியது போல முப்பத்தொரு உடம்புகள். இறக்கை நுனியில் மட்டும் பச்சை.

"ஏ கெசியா," என்றான் ஜேபஸ். பறவை வீட்டின் மூத்த ஊழியன், இருபது வருஷமாகக் கூண்டு கழுவியவன். "உன் முட்டைய எல்லாம் எவனோ உடைச்சு ரெக்க ஒட்டி அனுப்பியிருக்கான் பாரு."

"ரெக்க ஒட்டினவன் வாயையும் ஒட்டியிருக்கலாம். என்னா கத்து கத்துது! உன் பொண்டாட்டியே பரவாயில்ல."

"மெதுவாப் பேசு. அவ காதுல விழுந்தா ரெண்டு பேருக்கும் ஒரே குழிதான்."

கிளிகளுக்காகப் பாஸ்மோர் ஓர் ஏற்பாடு செய்திருந்தார். சொந்த ஊரை விட்டு வந்த பறவை ஏக்கத்தில் சாகிறது என்பது அவருடைய ஆராய்ச்சி முடிவு. காட்டைக் கண்ணில் காட்டினால் ஏக்கம் தீரும். அதனால் நாடகக் கொட்டகையில் திரை எழுதும் ஓவியனைக் கூட்டிவந்து, பெரிய அறையின் நான்கு சுவரிலும் பிரேசில் காட்டை எழுத வைத்தார். தரையிலிருந்து கூரை வரைக்கும் பனை, கொடி, புதர். எல்லாம் அந்தக் காலத்தில் எல்லாரும் பித்துப் பிடித்து அலைந்த மரகதப் பச்சை. குளிர் நுழையாமல் ஜன்னல் இடுக்குகளில் துணி அடைத்து, வெந்நீர்க் குழாய் ஓடவிட்டு, அறையைத் தகிக்க வைத்தார். சுவரில் தண்ணீர் வழிந்தது. வந்து பார்த்த கமிட்டியார் கைதட்டினார்கள்.

ஒன்பதாம் நாள் முதல் கிளி விழுந்தது.

"ஏக்கம்," என்றார் பாஸ்மோர். ஓவியனைக் கூப்பிட்டு இன்னும் இரண்டு பனை எழுதச் சொன்னார்.

அடுத்த நான்கு நாளில் இரண்டு. கொடிகள் சேர்ந்தன. இன்னும் மூன்று. ஓடை ஓரத்துப் புதர்கள் சேர்ந்தன. ஒவ்வொரு சாவுக்கும் ஒரு மரம். ஏழாவது வாரத்தில் காடு அடர்ந்துவிட்டது. கிளி பதினெட்டுதான் மிச்சம்.

செத்த கிளியை வாளியில் போட்டு எடுத்துப் போவதும் கெசியா வேலை. பதின்மூன்றாவது கிளியைக் கையில் எடுத்தவள் நின்றுவிட்டாள். அலகின் ஓரத்தில் பச்சைக் கோடு. மூக்குத் துளையைச் சுற்றித் தோல் உரிந்து, விளிம்பு வெந்து சிவந்திருந்தது. அவள் தன் மூக்கைத் தொட்டுப் பார்த்தாள். இடது பக்கத்தில் அவளுக்கும் ஒரு வடு உண்டு.

பதினேழு வயதிலிருந்து இருபத்தொன்று வரை கெசியா ஒரு துணிப்பூப் பட்டறையில் இருந்தாள். சீமாட்டிகள் தொப்பியில் செருகிக்கொள்ளும் இலை செய்கிற இடம். மெழுகு தடவிய துணி இலைமேல் பச்சைப் பொடியைத் தூவ வேண்டும். பொடி நகத்துக்குள் போகும், மூக்கில் போகும், மதியம் ரொட்டியோடு வயிற்றுக்குள் போகும். அது செம்பும் ஆர்செனிக் பாஷாணமும் சேர்ந்த பொடி. முதலில் மூக்கில் புண் வரும். பிறகு சோறு தங்காது. அவள் பக்கத்து இருக்கையில் இருந்த செலினா பத்தொன்பது வயதில் செத்தாள். பலவீனமான உடல்வாகு என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார். அந்தப் பட்டறையில் எத்தனை பெண்கள் செத்தார்கள் என்று யாரும் எண்ணவில்லை. கிளிகளை எண்ணினார்கள்.

கெசியா அறைக்குள் போய்ச் சுவரைப் பார்த்தாள். கிளிகள் உட்காரும் கம்பு உயரத்தில் காடு முழுக்கக் கொறிக்கப்பட்டிருந்தது. ஈரத்தில் சுண்ணாம்பு உப்பி, பச்சை செதில் செதிலாக நின்றது. ஒரு கிளி ஆனந்தமாக ஒரு பனையோலையைத் தின்றுகொண்டிருந்தது.

"ஜேபஸு, இதுங்க ஏக்கத்துல சாகல. செவுரத் தின்னு சாகுதுங்க."

"செவுரு மேல என்ன தாயி கோபம்? நாளைக்கு வானத்து மேல புகார் குடுப்ப."

"இந்தப் பச்ச விஷம்யா. நான் இதுல நாலு வருஷம் கெடந்தவ."

"நீ செத்தியா?"

"வேலைய விட்டேன், பொழச்சேன். கிளி வேலைய விட முடியுமா?"

ஜேபஸ் தலையைச் சொறிந்தான். சிரிக்கவில்லை. ஆனால் கூட வரவும் இல்லை. கெசியா தனியாகத்தான் பாஸ்மோர் முன் போய் நின்றாள். அவர் எழுதிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"ஐயா, அந்தப் பச்சையச் சுரண்டிடணும். அதுல பாஷாணம் இருக்கு."

"மெல்லர், என் வீட்டுச் சாப்பாட்டு அறை முழுக்க இதே பச்சைதான். நான் என்ன செத்தா போயிட்டேன்?"

"நீங்க செவுரக் கொறிக்கிறதில்லையே, ஐயா."

அப்போது நிமிர்ந்தார். "கஞ்சி காய்ச்ச வந்தவ எனக்குப் பாடம் நடத்த வேணாம். வியாழக்கிழமை கமிட்டி வருது. அவங்க முன்னாடி இந்தப் பேச்சு வாயில வந்துச்சு, அன்னியோட நீ வெளிய."

பேசக்கூடாது என்றுதானே உத்தரவு. கெசியா பேசவில்லை.

வியாழக்கிழமை காலை, வாசல் திறக்குமுன் கமிட்டியார் வந்தார்கள். ஒன்பது ஆண்கள், ஒரு அம்மாள். அந்த அம்மாள் பஞ்சு வியாபாரியின் விதவை பிரேஸ்வெல். கமிட்டியில் அவர் சொல்வதுதான் நடக்கும். காது மந்தம், மூக்கு மகா கூர்மை. நேற்று யார் மீன் தின்றார்கள் என்று வாசலிலேயே சொல்லிவிடுவார்.

அவர்கள் பெரிய அறையில் நின்று காட்டைப் புகழ்ந்துகொண்டிருந்தபோது, கெசியா சமையலறைக் கதவை அகலத் திறந்து வைத்தாள். சுவரடியில் கூட்டி எடுத்த ஒரு சிட்டிகைப் பச்சைச் செதிலை அடுப்புக் கங்கின்மேல் போட்டாள். இடுப்பில் கட்டியிருந்த சமையல் துணியால் மூக்கைப் பொத்திக்கொண்டு தள்ளி நின்றாள்.

பிரேஸ்வெல் அம்மாள் பேச்சை நிறுத்தினார். மூக்கு தூக்கியது.

"யாரு இங்க பூண்டு வறுக்கிறது?"

ஒன்பது ஆண்களும் விறைத்துப்போனார்கள். அந்த ஊர்ப் பெரிய மனிதர் வீட்டில் பூண்டு என்றாலே வாயைக் கழுவுவார்கள். இத்தாலிக்கார மாலுமி எவனாவது உள்ளே புகுந்துவிட்டானா என்று ஒருவர் கேட்டார்.

கெசியா கதவருகில் வந்து நின்றாள். "சமையல் இல்லம்மா. சுவரு."

"சவரமா? யாருக்கு?"

"செவுரும்மா! செவுத்துல இருக்கிற பச்ச! கங்குல போட்டா பூண்டு நாத்தம் வரும். பாஷாணம் இருந்தா அப்படித்தான் நாறும்."

"இவ பூண்ட அடுப்புல போட்டுட்டு நாடகம் ஆடுறா," என்றார் பாஸ்மோர். முகம் சிவந்துவிட்டது. "மெல்லர், உன்கிட்ட என்ன சொன்னேன்?"

"கமிட்டி முன்னாடி பேசாதேன்னீங்க. அம்மா கேட்டாங்க, பதில் சொன்னேன்."

பிரேஸ்வெல் அம்மாள் கையை நீட்டினார். "கத்தி குடு யாராவது."

ஜேபஸ் தன் கத்தியைக் கொடுத்தான். அவனை யாரும் கேட்கவில்லை, அவனாகக் கொடுத்தான். அம்மாள் தன் கையாலேயே ஒரு பனையோலையைச் சுரண்டி, கையுறையில் ஏந்தி, சமையலறைக்குள் போய்க் கங்கின்மேல் தட்டினார். வெள்ளைப் புகை எழுந்தது.

"ஒரு மூச்சுக்கு மேல இழுக்காதீங்கம்மா," என்று கெசியா அவரைப் பின்னால் இழுத்தாள்.

ஒரு மூச்சே போதும். பூண்டேதான்.

"உனக்கு இது எப்படித் தெரியும்?"

கெசியா விளக்கு வெளிச்சத்தில் மூக்கின் வடுவைக் காட்டினாள். "இலைப் பட்டறையில தூவினது இதேதாம்மா. கழிவ அடுப்புல போட்டா பட்டறை பூரா இந்த வாசனைதான். அங்க இருந்த எல்லாப் பொண்ணுக்கும் தெரியும். வந்து கேட்டவங்க யாரும் இல்ல."

அம்மாள் கையுறையைக் கழற்றிக் கீழே போட்டார். "என் படுக்கையறை..." என்றார்.

"அதுவும் பச்சையாம்மா?"

"மூணு வருஷமாத் தலைவலி. வயசாயிடுச்சுங்கிறான் அந்த டாக்டர். அயோக்கியப் பய!"

பாஸ்மோர் விடவில்லை. சுவர் கெட்டதாகவே இருக்கட்டும், கிளிகளை வேறெங்கே வைப்பது? நவம்பர் மாதம். வெந்நீர்க் குழாய் உள்ள அறை இது ஒன்றுதான். வெளியே கொண்டுபோனால் விடிவதற்குள் கல்லாகிவிடும்.

"வண்டிக் குதிரை லாயத்து மேல பரண் இருக்கு," என்றாள் கெசியா. "வெறும் சுண்ணாம்புச் செவுரு. வைக்கோல் இருக்கு. குதிரைங்க சூடு கீழேருந்து ஏறும். காத்து வரும்."

"குதிரை லாயத்துல பிரேசில் கிளியா?" பாஸ்மோர் கமிட்டியின் பக்கம் திரும்பினார். "சரி. நடக்கட்டும். ஆனா ஒரே ஒரு கிளி குளிர்ல செத்தாலும் மிச்சம் அத்தனையும் இந்த அறைக்குத் திரும்பி வரும். இந்தப் பொம்பள வாசலுக்கு வெளிய போவா. சம்மதமா?"

எல்லாரும் கெசியாவைப் பார்த்தார்கள். திரும்பி வந்தால் பதினெட்டும் அந்தக் காட்டைத் தின்றே சாகும். அது அவளுக்குத் தெரியும். பரணில் எத்தனை பிழைக்கும் என்பது தெரியாது.

"சம்மதம்," என்றாள்.

அன்று மத்தியானமே பதினெட்டும் பரணேறின. கெசியா மரப்பட்டைகளும் கிளைகளும் கட்டிவைத்தாள், வாய் அரிப்புக்குக் கடிக்க. காலியான ஓட்ஸ் பீப்பாய் ஒன்றைப் படுக்கப் போட்டு, மூடியில் துளையிட்டு, வைக்கோல் திணித்தாள். உள்ளே புகுந்து விளையாடினால் விளையாடட்டுமே என்றுதான். கிளிகள் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

சனிக்கிழமை காலை ஒன்று செத்துக் கிடந்தது.

பாஸ்மோர் ஏணியேறி வந்தார். தொப்பி உத்திரத்தில் இடித்தது. செத்த கிளியைப் பார்த்தார், திறந்த ஜன்னலைப் பார்த்தார். "குளிர்," என்றார். "சாமானை எடுத்துக்க, மெல்லர்."

பேசியது ஜேபஸ்.

"ஒரு நிமிஷம், ஐயா."

கிளியை எடுத்துத் தீவனப் பெட்டியின்மேல் மல்லாத்தினான். இருபது வருஷத்தில் எத்தனையோ பறவையை அறுத்துப் பார்த்தவன். ஒரே கீறல். இரைப்பையைப் பிளந்து பெட்டியின்மேல் கவிழ்த்தான். சோளம் இல்லை, ஆப்பிள் இல்லை. வியாழக்கிழமைக்கு முன் தின்ற பச்சைச் செதில்கள் மட்டும், ஒரு பட்டாணி அளவுக்கு.

"இது குளிர்ல செத்த கிளி இல்லீங்க, ஐயா," என்றான் ஜேபஸ். "காட்டத் தின்னு செத்த கிளி."

பாஸ்மோர் ஏணியில் இறங்கிப் போனார். ஜேபஸ் கத்தியைத் துடைத்தான்.

"அவரு வீட்டுச் சாப்பாட்டு அறையும் இதே பச்சதான்," என்றாள் கெசியா.

"தெரியும். ஆளும் கொஞ்ச நாளா லேசாப் பச்சையாத்தான் இருக்காரு."

ஆனால் பந்தயம் முடியவில்லை. உண்மையான குளிர் இன்னும் வரவில்லை. டிசம்பர் இரண்டாம் வாரம் அது வந்தது. ஆற்றோரத்துச் சேறு இறுகியது. தோட்டத்துக் குளத்தில் வாத்துகள் பனிக்கட்டிமேல் வழுக்கின. காலையில் கெசியா வெந்நீர் வாளியோடு ஏணியேறினாள். பரணில் தண்ணீர்க் கிண்ணம் அடிவரை உறைந்திருந்தது. விரல் கணுவால் தட்டிப் பார்த்தாள், கல்.

சத்தம் இல்லை.

பதினேழு கிளிகள் இருக்கும் இடத்தில் சத்தம் இல்லை என்றால் அதற்கு ஒரே அர்த்தம்தான். கிளைகளைப் பார்த்தாள், காலி. உத்திரம், காலி. வைக்கோலைக் காலால் தள்ளிப் பார்த்தாள். ஒன்றும் இல்லை. வாளியைக் கீழே வைத்தாள்.

பீப்பாய்க்குள் ஏதோ புரண்டது.

துளை வழியாக ஒரு மஞ்சள் தலை எட்டிப் பார்த்தது. அவளைப் பார்த்தது, வாளியைப் பார்த்தது, லாயமே அதிரும்படி ஒரு கத்து கத்தியது. வெளியே வந்தது. அதன் பின்னால் இன்னொன்று. அதன் வாலைக் கடித்துக்கொண்டு இன்னொன்று. நெருக்கித் திணித்துக்கொண்டு, ஒன்றின் சூட்டில் ஒன்று, அத்தனையும் அந்த ஒரு பீப்பாய்க்குள் படுத்திருந்தன. கெசியா வாய்விட்டு எண்ணினாள். பன்னிரண்டு. பதின்மூன்று. பதினாறு வந்து நின்றுவிட்டது. கடைசியில் ஒரு சோம்பேறி, வைக்கோல் ஒட்டிய தலையோடு, யாரையோ திட்டிக்கொண்டு வெளியே வந்தது.

"பதினேழு!" கெசியா பரணின் ஓட்டை வழியாகக் கத்தினாள். "யோவ் ஜேபஸு! பதினேழுய்யா! அத்தனையும் இருக்கு!"

"கத்தாதடி, குதிரை மிரளுது!" என்று கத்திய ஜேபஸின் சத்தத்தில்தான் குதிரை மிரண்டது. தொப்பியைக் கழற்றித் தரையில் அடித்தான். பிறகு லாயத்துக்கு வெளியே ஓடி, யானைக் கொட்டடிக்காரனிடமும் சிங்கத்துக்கு இறைச்சி வெட்டுபவனிடமும் எண்ணைச் சொல்லிவிட்டு வந்தான். மத்தியானத்துக்குள் தோட்டம் முழுக்க அதே பேச்சு. மாலையில் பிரேஸ்வெல் அம்மாள் வண்டியில் வந்து இறங்கினார். ஏணியேற முடியாதவர் கீழேயே நின்று கழுத்தை நீட்டினார்.

"நல்ல நாத்தம்," என்றார். "குதிரைச் சாணி, வைக்கோல், கிளிப் பீ. பூண்டு மட்டும் இல்ல. அந்தச் செவுத்தச் சுரண்டச் சொல்லு."

ஜனவரியில் சுரண்ட ஆள் வந்தார்கள். ஆறு பேர், ஒரு மேஸ்திரி. உலர்ந்த சுவரில் தகட்டை வைத்து இழுக்கத் தொடங்கினார்கள். பச்சைத் தூசி பறந்தது. கெசியா ஓடி வந்து நடுவில் நின்றாள்.

"நிறுத்துங்க. செவுர நனைக்காமச் சுரண்டக் கூடாது. வாய்க்கும் மூக்குக்கும் ஈரத்துணி கட்டணும். கை கழுவாம யாரும் ரொட்டியத் தொடக் கூடாது."

"கிளிக்குக் கஞ்சி காய்ச்சுறவ எனக்கு வேலை சொல்றியா?" என்றான் மேஸ்திரி.

"உனக்குச் சொல்லல. அவங்களுக்குச் சொல்றேன்." ஆறு பேரின் பக்கம் திரும்பினாள். மூக்கைக் காட்டினாள். செலினாவைப் பற்றிச் சொன்னாள், வயதைச் சொன்னாள், செத்த பதினான்கு கிளிகளைச் சொன்னாள். பிறகு ஜேபஸ் பச்சைச் செதில்களைப் போட்டு வைத்திருந்த கண்ணாடிக் குப்பியை எடுத்துவந்து நீட்டினாள்.

ஆறு பேரில் ஒருவன் தகட்டைக் கீழே வைத்தான். அடுத்தவன் வைத்தான். மேஸ்திரி கீழே கிடந்த தகடுகளை எண்ணிப் பார்த்துவிட்டு, தண்ணீர் கொண்டுவரச் சொன்னான். சமையலறைத் துணியெல்லாம் கிழித்து அவளே நனைத்துக் கொடுத்தாள். நான்கு நாளில் பிரேசில் காடு ஈரச் சகதியாகச் சாக்குகளில் ஏறியது. ஒருவன் மூக்கிலும் புண் வரவில்லை.

பறவை வீட்டுக்கு வெறும் சுண்ணாம்பு அடித்தார்கள். ஜன்னல் துணியைப் பிடுங்கினார்கள். ஆனால் கிளிகள் பரணை விட்டு வர மறுத்துவிட்டன. பிடிக்கப் போன ஜேபஸின் கட்டைவிரலில் மூன்று தையல். கமிட்டி கூடி யோசித்து, லாயத்தின் வெளிப்பக்கம் படிக்கட்டு வைத்தது. ஜனங்கள் வரிசையில் ஏறிப் பார்த்தார்கள். குதிரைகளுக்கும் கூட்டம் பழகிவிட்டது.

மே மாதம் ஒரு பெட்டை பீப்பாயைத் தனதாக்கிக்கொண்டது. மற்றவற்றை விரட்டிவிட்டு அடைகாக்க உட்கார்ந்தது. கெசியா படிக்கட்டை அடைத்து, ஏணியை மட்டும் வைத்துக்கொண்டாள். தானும் ஜேபஸும் தவிர யாரும் ஏறக்கூடாது என்றாள். கார்லண்ட் தோட்டத்தில் ஒரு சமையல்காரி போட்ட முதல் உத்தரவு அது. கமிட்டியும் அதற்குக் கட்டுப்பட்டது.

ஜூன் பதினோராம் தேதி காலை ஏணி கிறீச்சிட்டது. பாஸ்மோர். கெசியா மேலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"அங்கேயே நில்லுங்க, ஐயா. பூட்ஸக் கழட்டிட்டு வாங்க. தொப்பியையும்."

"நான் கண்காணிப்பாளர், மெல்லர்."

"அவளுக்கு அது தெரியாதே. சத்தம் கேட்டா குஞ்சுங்கள மிதிச்சிடுவா."

அவர் ஏணியின் நடுவில் நின்று யோசித்தார். இறங்கினார். பூட்ஸைக் கழற்றினார், தொப்பியைக் கீழே குதிரையின் முன்னால் வைத்தார். காலுறையோடு ஏறி வந்தார். வலது காலுறையில் கட்டைவிரல் வெளியே தெரிந்தது. கெசியா அதைப் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்தாள். பரணில் இருவரும் முழங்காலிட்டார்கள். பீப்பாய்க்குள்ளிருந்து சன்னமான கீச்சொலி வந்தது. தாய் இரை தேடி வெளியே வரும்வரை அவரைக் காக்க வைத்தாள். கால் மணி நேரம் ஆனது. அவர் இருமலைக்கூட விழுங்கிக்கொண்டார்.

தாய் வெளியே வந்து ஆப்பிளைக் கொத்தத் தொடங்கியதும், கெசியா துளை வழியாக உள்ளே பார்த்தாள். நிதானமாகப் பார்த்தாள். இன்னொரு முறை பார்த்தாள்.

"எத்தனை?" என்றார் பாஸ்மோர் மெல்லிய குரலில். "மெல்லரம்மா, எத்தனை?"

நான்கு.